எழுபது சென்ட்

“இந்தச் சேர்வராயன் மலையில என் மூக்குக்குத் தெரியாத வாசனை ஒண்ணு கிடையாது. கண்ணைக் கட்டி உடுங்க. பேரு, ஊரு, விலை மூணையும் சொல்லிப்போடறேன்.”

கொட்டச்சேடு பஸ்ஸில், நின்றுகொண்டு வந்த பதினேழு பேர் காதாரக் கேட்க, இப்படித் திருவாய் மலர்ந்தவர் ஸ்தனிஸ்லாஸ். காப்பி எஸ்டேட் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ரைட்டர். எந்த ஆள் வேலைக்கு வந்தது, எது வரவில்லை, என்ன மழை பெய்தது, அந்த மழைக்குக் காப்பி என்றைக்குப் பூத்தது என்று நோட்டில் ஏற்றுவது அவர் உத்தியோகம். எஸ்டேட்டில் மழையைச் சென்ட் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஆனால் இந்தச் சென்ட்டெல்லாம் அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு. அவர் பிறவி எடுத்தது மற்ற சென்ட்டுக்காக.

அவர் வீட்டு பீரோவில் முப்பத்தொரு புட்டிகள் குடியிருந்தன. அதே பீரோவில் முன்பு குடியிருந்த, மனைவி ஜெயமேரியின் சேலைகள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குக் குடிபெயர்ந்து ஒன்பது வருடமாகிறது. ஆண்மக்களுக்குரிய வாசனைகளை அவர் நான்கு இனமாகப் பிரித்து உலகுக்கு வழங்கியிருந்தார். எலுமிச்சை இனம் வெயிலுக்கும் ஆபீசுக்கும். மர இனம் பனிக்கும் பெரிய மனிதர்களுக்கும். மசாலா இனம் கல்யாணத்துக்கு. கடல் இனத்தை மட்டும் அவர் ஏர்க்காட்டுக்குச் சிபாரிசு செய்வதில்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் கடலுக்கே குமட்டிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவர் சொன்னவற்றில் நியாயமாகப் படுவது இது ஒன்றுதான்.

கேட்காதவர்களுக்கும் அறிவுரை உண்டு. செடிக்கு மருந்தடிக்கும் செபாஸ்டின் ஒருநாள் முதுகில் டப்பாவோடு நின்றபோது ரைட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்ப்பா செபாஸ்டின், உனக்கு மர இனந்தான் பொருந்தும். கடையில காகிதத்துல அடிச்சுக் காட்டுவான், ஏமாந்துராத. காகிதம் எல்லாத்துக்கும் தலையாட்டும். கையில அடி, அரைமணி நேரம் பொறு. மொதல்ல வர்றது வேஷம். பொறவு வர்றதுதான் ஆளு.”

“அரைமணி நேரம் பொறுத்தா நீங்க ஆப்சென்ட் போட்டுருவீங்களேங்க” என்றார் செபாஸ்டின்.

இன்னொரு பாடமும் நடத்துவார். “போட்டவன் மூக்கு பத்து நிமிசத்துல பழகிப்போகும். வாசனை போயிருச்சுன்னு நெனச்சு மறுக்கா மறுக்கா அடிக்கிறவன் முட்டாள்.” உண்மையான வார்த்தை. இதைச் சொல்லிவிட்டு, காலையில் அடித்தது போய்விட்டதே என்று பத்து மணிக்கு ஒருமுறை, சோற்றுக்குப் பின் ஒருமுறை, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருமுறை அடித்துக்கொள்வார். பஸ்ஸில் எவ்வளவு நெரிசலானாலும் அவர் பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கும். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

எஸ்டேட்டிலோ அவர் வளைவு திரும்புவதற்கு முன்பே வாசனை திரும்பிவிடும். “ரைட்டர் வந்துட்டாருங்கோ” என்று ஒரு குரல் போதும், உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து களை வெட்டுவார்கள். அவர் கண்ணில் சும்மா இருந்த ஆள் ஒன்றுகூடப் பட்டதில்லை. ரைட்டருக்கு அத்தனை பயம் என்று முதலாளி மெச்சிக்கொண்டார். கோயில் யானை மணி கட்டிக்கொண்டு வருவதுபோல் இவர் சென்ட் கட்டிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் முப்பத்தொரு புட்டிக்கும் மேலாக மதித்தது ஒரு நாற்காலியை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலையில் கோயிலில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை ஏசுவின் சீடர்களாக உட்கார வைத்துப் பாதம் கழுவுவார். முதல் நாற்காலி தலைமைச் சீடர் ராயப்பருடையது. பதினான்கு வருடமாக அதில் உட்கார்ந்தது ஸ்தனிஸ்லாஸின் உடம்பு. ராயப்பர் மீன் பிடித்தவர், அவர் மேல் என்ன வாடை அடித்திருக்கும் என்பதை யாரும் இவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

போன வருடம் பாதத்துக்கென்றே மசாலா இனத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கணுக்காலுக்கு நான்கு, விரலிடுக்குக்கு ஐந்து என்று அடித்துக்கொண்டு போனார். சாமியார் குனிந்தார், தும்மினார். நிமிர்ந்தார், தும்மினார். பன்னிரண்டாவது பாதம் முடிகிறவரை தும்மல் நிற்கவில்லை. தண்ணீர் நொம்பக் குளிர்ச்சி என்று ஸ்தனிஸ்லாஸ் வீட்டில் விளக்கம் சொன்னார்.

இந்த வருடம் குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் கோயில் உபதேசியார் மனுவேல் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க ரைட்டரே, சாமியாருக்கு இப்ப இளைப்பு வேற சேர்ந்திருக்குதுங்க. இன்னைக்கிருந்து ஒண்ணும் பூசாம, வியாழக்கிழமை வெறும் ஆளா வந்தீங்கன்னா நாற்காலி உங்களுக்கு. இல்லாட்டி மேக்ஸ்வெல்லச் சொல்லிட்டேன்.”

“எந்த மேக்ஸ்வெல்லு?”

“பன்னிப் பண்ணை வச்சிருக்கறாருங்களே.”

ஸ்தனிஸ்லாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார். “பன்னிப் பண்ணைக்காரனா ராயப்பரு?”

“குளிச்சுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கறாருங்க” என்றார் உபதேசியார்.

பீரோ பூட்டப்பட்டது. சாவியை ஜெயமேரி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று தலைக்கு அரப்புத்தூள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, உடம்பில் துணி இல்லாததுபோல் இருக்கிறது என்று ரைட்டர் புலம்பினார்.

“மூணே நாளு, தாங்கிக்குங்க” என்றார் ஜெயமேரி. “ஊடு இன்னைக்குத்தான் ஊடு மாதிரி இருக்குது.”

செவ்வாய்க்கிழமை எஸ்டேட்டில் வளைவு திரும்பினால், ஆறு பெண்களும் செபாஸ்டினும் மர நிழலில் கால் நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எழுந்தார்கள்.

“நீங்க வர்றது தெரியலீங்க” என்றார் செபாஸ்டின். ஒளிவுமறைவில்லாத பேச்சு.

சென்ட் இல்லாததால் தம் கம்பீரம் போய்விட்டது என்று ரைட்டர் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார். புதன்கிழமை காய்ச்சல் என்று சொல்லி வேலைக்கே போகவில்லை. இப்படியாக, இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஸ்தனிஸ்லாஸின் மூக்குக்கு லீவு கிடைத்தது.

வியாழக்கிழமை மூன்று தடவை குளித்தார். மாலையில் வெள்ளை வேட்டி சட்டையில், எதற்கும் துணிந்த தியாகியின் முகத்தோடு, ராயப்பர் நாற்காலியில் அமர்ந்தார். அடுத்த நாற்காலியில் செபாஸ்டின், துவைத்த சட்டையில். மேக்ஸ்வெல் கடைசி பெஞ்சில், குளித்துவிட்டு, ஒருவேளை தேவைப்படுமோ என்று காத்திருந்தார்.

சாமியார் பாதத்தருகே மண்டியிட்டு, பழைய ஞாபகத்தில் ஒரு கணம் மூச்சை அடக்கினார். தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். தும்மல் இல்லை. உட்கார்ந்திருப்பது அதே ஆள்தானா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பாதத்துக்கு நகர்ந்தார். நாற்காலி தப்பியது. ராயப்பரும் இதே வியாழக்கிழமையன்றுதான், உம்மைக் கைவிடவே மாட்டேன் என்று ஏசுவிடம் பெரிய வார்த்தை பேசி, விடிவதற்குள் மாட்டிக்கொண்டார். நாற்காலிக்கே அந்த ராசி உண்டோ என்னவோ.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. செபாஸ்டின் இருந்த பக்கத்திலிருந்து, அவருக்கு அந்தண்டை திறந்திருந்த ஜன்னல் காற்றோடு. எலுமிச்சை இல்லை. மரம் இல்லை. மசாலா இல்லை. கடல் நிச்சயமாக இல்லை. மல்லிகையின் ஜாடை, ஆனால் மல்லிகை போல் முந்திக்கொண்டு பேசாத குணம், அடியில் தேன் போல ஏதோ ஒன்று. நான்கு இனத்திலும் சேராமல் அது நிதானமாக ரைட்டரின் மூக்கைக் கடந்துபோய், திரும்பவும் வந்தது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். பேரும் வரவில்லை, ஊரும் வரவில்லை. முப்பத்தொரு புட்டி வைத்திருக்கும் தமக்குத் தெரியாமல், மருந்தடிக்கிற ஒரு ஆள் இப்படி ஒன்றை வாங்கிப் பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாமியார் ஆறாவது பாதத்துக்குப் போகும்வரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“ஏம்ப்பா” என்று உதடு அசையாமல் கேட்டார். “என்ன சென்ட்டு இது? பேரென்ன, எந்த ஊரு, என்ன விலை?”

செபாஸ்டினுக்கு முதலில் விளங்கவில்லை. காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினார். வெளியே சரிவு முழுக்க, செடி தெரியாமல் வெள்ளையாக இருந்தது.

“பேரு காப்பிப் பூங்க” என்றார் மெதுவாக. “ஊரு நம்ம எஸ்டேட்டுங்க. விலை எழுபது சென்ட்டுங்க. போன வாரம் மழை பேஞ்சப்ப நீங்கதானுங்களே எழுதுனீங்க.”