பின்தளத்தில் நான் ஒட்டிய தகடு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லிங்கநகரில் இருக்கும் கல்வீடு நான் கட்டியது. சண்டைக் காலத்தில் இரண்டு தரம் அதன் கூரை போனது. இரண்டு தரமும் நானே ஏறிக் கூரை போட்டேன். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள வெல்டிங் பட்டறையை, உடைத்த படகொன்றின் தகடுகளை வைத்தே எழுப்பினேன். குச்சவெளி மீன்காரரின் படகுகளில் என் கைபட்ட இரும்பு இல்லாத படகைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தகப்பன் இல்லாத தங்கச்சியைப் படிப்பித்துக் கலியாணம் கட்டிக்கொடுத்ததும் நான்தான். ஒருவரிடமும் கைநீட்டவில்லை.

கார் வாங்கியது அந்தத் தங்கச்சிக்காக.

அவளின் புருஷன் சண்டை தொடங்கிய கையோடு கனடாவுக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்து அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் விசா வந்தது. அதில் கடைசி நாள் ஒன்று போட்டிருந்தது. அதற்குள் போய் இறங்காவிட்டால் விசா செல்லாது. விமானத்தில் இடம் கிடைத்ததோ அதற்கு முந்தின இரவுக்கு. மூன்று பேர், ஆறு சூட்கேஸ்.

"பஸ்ஸில போவம் அண்ணா" என்றாள்.

"ஆறு பெட்டியையும் ஒவ்வொரு சென்றியிலயும் ஆர் இறக்கி ஏத்திறது? நான் கார் எடுக்கிறன்."

கொழும்பு வழியில் இருந்த சோதனைச் சாவடிகளைத்தான் சென்றி என்போம். அந்தக் காலத்தில் கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள். நான் சென்றியை நினைத்துப் பார்த்தேன். பின்பக்கம் நீண்டு, சுற்றிவரக் கண்ணாடி போட்டு, பின்கதவு மேலே திறக்கிற எஸ்டேட் கார்தான் சரி. உள்ளே இருப்பது வெளியே தெரியும். மூடிக்கிடக்கும் டிக்கியைக் கண்டால்தான் காவல் நிற்பவனுக்குக் கை அரிக்கும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

தோப்பூர்க்காரர் ஒருவர் டவுனில் சின்ன வாடகைக் கார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தார்; அதில் பெட்டிகளை மேலேதான் கட்டவேண்டும். என் நல்ல கூட்டாளி. அவரைக் கூட்டிக்கொண்டு, ஆறு சூட்கேஸையும் அவர் காரின் மேலே கட்டிக்கொண்டு கார் பார்க்கப் போனேன். பெட்டிகள் அடங்குமா என்று கண்ணால் அளக்கிற ஆள் நானில்லை.

"பொம்பிளை பார்க்கப் போறவன்கூட இவ்வளவு சாமானோட போறல்ல அண்ணே" என்றார் அவர்.

முதல் கார் லிங்கநகரிலேயே இருந்தது. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. பெட்டி எல்லாம் அழகாக அடங்கின. ஆனால் ஸ்பெயார் வீல் பெட்டிகளுக்கு அடியில், தளத்துக்குள் இருந்தது.

"எஞ்சின் தங்கம்" என்றார் அவர்.

"எஞ்சின் தங்கமா இருக்கட்டும் ஐயா. சில்லைக் காட்டெண்டு கேட்டா நான் ஆறு பெட்டியையும் றோட்டில பரப்ப வேணுமே."

இரண்டாவது குச்சவெளியில், கடலுக்குப் பக்கத்தில். மினுங்கிக்கொண்டு நின்றது. பழைய ரேடியோ ஒன்றின் காந்தத்தைச் சட்டைப் பைக்குள் கொண்டுபோயிருந்தேன். கதவின் அடிப்பக்கம் வைத்தேன். காந்தம் மணலில் விழுந்தது. உப்புக்காற்று தின்ற இடத்தையெல்லாம் பட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டோம்.

மூன்றாவது ஒரு வாத்தியாரின் ஜப்பான் கார். போனதும் எஞ்சினை மூடும் பொனற்றில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. முதலே ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. வாத்தியார் அப்படியான ஆள் இல்லை. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது, புகை இல்லை. ரேடியேற்றர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கவில்லை. ஸ்பெயார் வீல் காருக்கு வெளியே அடியில் தொங்கியது. பெட்டிகளில் மணல் நிரப்பி ஏற்றிக்கொண்டு கன்னியா வரை ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் பதியவில்லை.

ஒரேயொரு குறை. பெட்டி வைக்கும் தளத்தில் துருப்பிடித்து, உள்ளங்கை அளவில் ஒரு ஓட்டை.

"இதை நான் அடைக்கிறன்" என்றேன்.

தோப்பூர்க்காரர் குனிந்து அதற்குள்ளால் பார்த்தார். "ஓட்டை இரிக்கட்டும் அண்ணே. பார்க்கிறவனுக்குக் கீழ றோட்டுத் தெரியும். அதோட அவன் விட்டிருவான்."

"என்ர தங்கச்சி ஓட்டைக் காரிலயோ எயாப்போட்டுக்குப் போறது?"

அவர் பெட்டிகளிலிருந்த மணலைக் கொட்டத் தொடங்கினார்.

பட்டறையில் இரண்டு நாள் அதோடு இருந்தேன். ஓட்டையை மட்டும் அடைத்தால் ஒட்டுத் தெரியும் என்று, தளம் முழுவதற்கும் ஒரே தகடாக வெட்டி, பழைய தளத்தின் மேடுகளுக்கு மேல் படுக்கவைத்து, நாலு பக்கமும் வெல்டிங்கால் ஒட்டினேன். அரத்தால் தேய்த்து, காரின் நிறமே அடித்தேன். துறைமுகத்தில் வேலை செய்த காலத்திலும் அவ்வளவு சுத்தமாக நான் ஒட்டியதில்லை.

பயண அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான் கிடைத்தது. விடியவே வெளிக்கிட்டோம். முதல் இரண்டு சென்றியிலும் நான் நினைத்தபடியே நடந்தது. கண்ணாடியால் பார்த்தார்கள், பின்கதவைத் திறந்து இரண்டு பெட்டியைக் கிளறினார்கள், சில்லைத் தட்டினார்கள், விட்டார்கள். "பார்த்தியே?" என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

கந்தளாய் தாண்டி மூன்றாவது சென்றி. அங்கே நின்ற சிப்பாய் தளத்தில் விரலால் தட்டினான். தகட்டுக்கும் பழைய தளத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடம் சத்தம் போட்டது. குனிந்து மணந்து பார்த்தான். பெயின்ட் மணம்.

"இது புதுசா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

துறைமுகத்தில் பழகிய சிங்களம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நல்லது. "ஓம், நானே செய்தது" என்றேன். எப்படி ஒட்டினேன் என்பதையும் சொன்னேன். அவன் மேலதிகாரியைக் கூப்பிடப் போனான்.

ஆறு பெட்டியும் றோட்டோரம் இறங்கின. அடியில் என்ன ஒளித்திருக்கிறது என்று பார்க்க, தகடு வெட்டுகிற ஆள் வேறு முகாமிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வெயில் ஏறியது. பிள்ளைகள் பெட்டிகளின் மேல் இருந்தார்கள். தங்கச்சி டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பதும் கைப்பைக்குள் வைப்பதுமாக இருந்தாள். பின்னேரம்தான் அந்த ஆள் வந்தான். என் தகட்டை வெட்டிக் கிளப்பினான். கீழே பழைய தளம். அதில் அந்த ஓட்டை. ஓட்டைக்குள் றோட்டுக் கல்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஏன் அடைத்தாய்?" என்று கேட்டார். வெட்டுப்பட்ட தகட்டை நான் றோட்டோரம் இழுத்து வைத்தேன்.

பொழுது படத்தான் விட்டார்கள். கார் முதல் திருப்பிலேயே பிடித்தது. மறுநாள் விடிய விமான நிலையத்தில் நின்றோம். எங்கள் விமானம் இரவே போய்விட்டது. அன்றைய விமானங்களில் இடம் இல்லை. அன்றுதான் கடைசி நாள்.

அதே ஆறு பெட்டியோடு திரும்பினோம். வழியில் ஒவ்வொரு சென்றியிலும் பெட்டிகளைச் சற்றுத் தள்ளி ஓட்டையால் கீழே பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். ஒரு இடத்திலும் ஐந்து நிமிஷம் நிற்கவில்லை.

திரும்ப விண்ணப்பித்தாள், இல்லை என்றார்கள். இன்னொரு தரமும் இல்லை. புருஷனின் கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன. இப்போது அவருக்கு அங்கே வேறு குடும்பம். தங்கச்சி என் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். பெட்டிகள் அலுமாரிக்கு மேலே. இறக்குவம் என்று நானும் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஆட்கள் கேட்டால் அவளின் பிள்ளைகள் சொல்லும் கதை ஒன்று உண்டு: "மாமான்ர கார் வழியில பழுதாப் போச்சு." அவர்களுக்கு நடந்தது தெரியும். எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஏன் அப்படிச் சொல்ல விடுகிறாய் என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"சொல்லட்டும் அண்ணா. காருக்கு நோகாது" என்றாள்.

எனக்கு நோகிறது. அந்தக் கார் பழுதாகவில்லை. அதன் பிறகும் எத்தனையோ வருஷம் அது ஓடியது. மூன்று காரைப் பார்த்து, காந்தம் வைத்து, மணல் ஏற்றிப் பிடித்த கார் அது. அதைத் தெரிந்தெடுத்தவன் நான். அந்த ஓட்டையை அடைத்தவனும் நான். இந்த வீட்டையும் பட்டறையையும் கட்டியது இன்னார் என்று நாளைக்கு யாராவது சொன்னால், அந்தத் தகட்டையும் அதே வரிசையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் பங்கைக் காரின் தலையில் போடவேண்டாம். அது என்னுடையது, என் பேரிலேயே இருக்கட்டும்.