மிருதங்கமோ வானோ

பேபியக்காவின் கதையைச் சொல்லத் தொடங்கினாலே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அவர் மேல் கோபமில்லை, அவரைச் சுற்றி நிற்கிற சனத்தின் மேல்தான்.

கனடாவில், அஜின்கோர்ட் பேக்கரி ஒன்றில் நாங்கள் இருவரும் பாண் பொதி செய்கிறோம். அவருடைய மகன் கீதன் மிருதங்கம் பழகிய காலமெல்லாம் வகுப்புக்கு ஏற்றி இறக்கியது பேபியக்காதான். பனிக்குள் வான் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே கேட்கிற சொற்கட்டை ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டிருப்பார். பெரிய மண்டபம் எடுத்து அரங்கேற்றம் வைத்தார்கள். அடுத்த நாளே மிருதங்கத்தைப் பேஸ்மெண்டில் போட்டான் கீதன். பிறகு வேலை என்று வன்கூவருக்குப் போய்விட்டான். மிருதங்கம் ஈரத்தில் பழுதாகிப் போனது.

ஐம்பது கடந்து பேபியக்காவுக்குத் தானே பழக ஆசை வந்தது. விசாரிக்கப் போனால் ஆசிரியர், "பேரப்பிள்ளைக்கு எத்தினை வயசு?" என்றாராம். "எனக்குத்தான்" என்றதும் சிரித்தாராம். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? நல்லகாலம், சேர்க்கச் சம்மதித்தார். புது மிருதங்கம் எடுப்பிக்கப் பேபியக்கா தன் சம்பளத்தில் சீட்டுக் கட்டியிருந்தார்.

கணவர் ஸ்ரீஸ்கந்தராசா துள்ளி விழுந்தார். "உந்தத் துருப்பிடிச்ச வானில கலியாணவீட்டில போய் இறங்க வெக்கமாக் கிடக்கு. நீர் மேளம் அடிக்கப் போறீரோ? சனம் காறித் துப்பும்."

இவ்வளவுக்கும் அந்த மனுஷனுக்கு லைசன்ஸே இல்லை! கனடா வந்த நாள் முதல் மனுசிதான் சாரதி. பக்கத்தில் இருந்து வழி பிழை என்று கத்துவது மட்டும்தான் இவருடைய வேலை.

"வானும் உக்கித்தான் போச்சு, பிரதீபா. மிருதங்கத்தை வாற வருஷம் பாப்பமோ?" என்று பேபியக்கா என்னிடம் தடுமாறினார்.

"விசரோ உங்களுக்கு? உங்கட உழைப்பக்கா!" என்று கத்திவிட்டேன். மிருதங்கம்தான் என்று முடிவெடுத்தார்.

சீட்டு விழுந்தது. சீட்டுப் பிடிக்கிற இராஜரட்ணம் அங்கிள் காசைக் கொண்டுபோய் ஸ்ரீஸ்கந்தராசாவின் கையில் கொடுத்துவிட்டார். நான் சண்டைக்குப் போனேன். "வீட்டுக்காரரிட்டக் குடுத்தா என்ன, அவவிட்டக் குடுத்தா என்ன, பிள்ளை?" என்றார். அட கோதாரி! கட்டினது ஆர்?

அந்தக் காசில் அந்தக் கிழமையே புது வான் வந்தது. விற்ற பெடியன் அதைக் கோவில் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பேபியக்கா என் காரில் வந்தார். ஐயர் தீபம் காட்டி, நாலு சில்லுக்கு முன்னாலும் தேசிக்காய் வைத்தார். "நசிச்சுக்கொண்டு எடுங்கோ அம்மா." பட்டு வேட்டியோடு முன்சீற்றில் ஏறியிருந்த ஸ்ரீஸ்கந்தராசா பேபியக்காவிடம் வானின் திறப்பை நீட்டினார். பூசைக்கு வந்த அடுத்த கார் பின்னால் காத்து நின்றது.

பேபியக்கா கை நீட்டவில்லை. "நீங்கள் ஆசைப்பட்டு எடுத்தது. நீங்களே வானை ஓடுங்கோ."

"சனம் பாக்குது, பேபி!"

"பாக்கட்டும்."

திரும்பி வந்து என் காரில் ஏறினார். "வகுப்பில கொண்டுபோய் விடு, பிரதீபா. வகுப்புக் காசை இந்தமாசச் சம்பளத்தில கட்டிப்போட்டன்." எனக்குக் கண் கலங்கியது, ஆத்திரமும் அடங்கவில்லை.

நான் காரை எடுக்கும்போது பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா திறப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். ஐயர் கண்ணாடியில் தட்டி, "அண்ணை, இதை ஆர் எடுக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.