பெயர் இல்லாத நிறத்தில் ஒரு மொரிஸ் மைனர்

1. கயிற்றில் வந்த கார்

கண்டி மஹய்யாவவில் இருக்கும் என் கராஜுக்கு அந்த மொரிஸ் மைனர் ஒரு லொறியின் பின்னால் கயிற்றில் கட்டித்தான் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிவநேசன் உட்கார்ந்திருந்தார். முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கி, ஏதோ மந்திரியை ஏற்றி வருகிறவர் மாதிரி. பின் சீட்டில் அவருடைய மனைவி ராணி. காருக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை.

சிவநேசன் கண்டி டவுனில் ஒரு துணிக்கடை முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். வாலிபத்தில் சேர்ந்து, தலை நரைக்கும் வரைக்கும் ஒரே வேலை, ஒரே கார். முதலாளி இறந்ததும் மகன்மார் கடையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். போகும்போது, இவருக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பதிலாகக் அவர் ஓட்டிக் கொல்லைப் பக்கம் கிடந்த இந்தக் காரையே கொடுத்துவிட்டார்கள். நன்றாக ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

"கல்யாணத்துக்குப் பழைய காருதான் வேணும்னு இப்ப கேக்குறாங்க பாஸ். அம்பிட்டியவுல ஒரு வீட்டுல பேசி முடிச்சிட்டேன். ஆவணியில கல்யாணம்" என்றார் சிவநேசன்.

"மொதல்ல இது ஓடுமா?"

"எஞ்சின நான் பாத்துக்குறேன். நீங்க ஒடம்ப மட்டும் பாருங்க."

"செலவு?" என்று கேட்டேன். அவர் ராணியைப் பார்த்தார். ராணி என்னைப் பார்த்தார். பட்ஜெட் எவ்வளவு என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அந்த வயதில் இன்னொருவர் கூப்பிட்டு டிரைவர் வேலை தரப்போவதில்லை. அம்பிட்டிய ஓட்டம் நல்லபடி முடிந்தால், பார்க்கிறவர்கள் கேட்பார்கள், அடுத்தடுத்து ஓட்டம் கிடைக்கும், இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். மறுத்துவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் இருந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கிவிட்டார்.

2. எங்கே மிச்சம் பிடிக்கலாம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காசு குறைந்த வேலை என்றால் கை தானாகப் பட்டி டின்னைத் தேடும். இத்துப்போன இடத்தைப் பட்டியால் நிரப்பித் தேய்த்துவிட்டால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். இரண்டு மழைக்குப் பிறகு உள்ளே துரு கிளம்பி, பட்டி அப்பளம் மாதிரி பொரிந்துவிடும். கஸ்டமர் அந்தப் பொரிந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மைத் தேடி வருவார். தகரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். துருவை வெட்டி எறிந்துவிட்டு வெல்டிங் வையுங்கள். அந்தக் காருக்கு அடித்தட்டில் பாதி துருவாகவே நின்றது, தட்டியதும் உதிர்ந்துவிட்டது. கதவுக்குக் கீழே இருக்கும் சட்டம் இரண்டு பக்கமும் போய்விட்டது. பழைய பீப்பாய்த் தகரத்தை வாங்கி வெட்டி வைத்தேன்.

கூலியில் மிச்சம் பிடிக்கலாம். தேய்ப்பு வேலை முழுவதையும் அவர்களே செய்ய வேண்டும் என்பது என் நிபந்தனை. ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, வோட்டர் பேப்பரை, பழைய ரப்பர் செருப்புத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தார்கள். சிவநேசன் தேய்க்கிறபோது பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு நீளும், வேலை நிற்கும். ராணி வாயைத் திறக்க மாட்டார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோய், சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

"கொஞ்சம் ஓய்வு எடுங்க தங்கச்சி" என்றேன் ஒரு நாள்.

"ஓய்வு எடுத்தா நீங்க அந்த மட்காட்ட நல்லா இல்லைனு சொல்லுவீங்க அண்ணே" என்றார். சொல்லத்தான் இருந்தேன்.

நிறத்திலும் மிச்சம் பிடிக்கலாம். டவுனில் பெயின்ட் கடை வைத்திருந்த ரவூப் நானாவிடம் போனோம். புது டின் விலையைக் கேட்டதும் சிவநேசன் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நானா என்னைக் கூப்பிட்டு, "பாஸ், இந்தக் கலர்தான் வேணுமெண்டு செல்லாதீங்க. யாரோ ஓடர் தந்து எடுக்காமப் போன டின் கொஞ்சம் ஈக்கி. கலந்து தாரன்" என்றார்.

கறுப்புச் சிவப்பில் கொஞ்சம், மண்ணிறத்தில் கொஞ்சம், வேறு என்னவோ கொஞ்சம். கலக்கி முடித்துக் குச்சியைத் தூக்கிக் காட்டினார். ராணி எட்டிப் பார்த்தார்.

"பிளேன்டி கலரு" என்றார்.

பால் சேர்க்காத தேநீரை, அந்தப் பிளேன்டியை, கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வெயிலில் பிடித்தால் தெரியும் நிறம்தான் அது. எந்தக் கம்பெனி அட்டையிலும் அப்படி ஒரு நிறம் கிடையாது. "திரும்பி வந்து இதையே கேட்டா எனக்கும் தெரியா. அளவாப் பாவிங்க" என்று நானா சொல்லி அனுப்பினார்.

3. பொனட்

நாங்கள் அடித்தது என்.சி. பெயின்ட். விலை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் ஈரக் காற்று பட்டால் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். கண்டியில் மத்தியானத்துக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. அதனால் காலையிலேயே அடித்து முடித்துவிட வேண்டும். முதல் நாள் மாலை உடம்பு முழுவதையும் தின்னரால் துடைத்து, சுத்தமான படுக்கைவிரிப்புகளால் மூடிவிட்டுப் போனேன். கராஜ் சாவி சிவநேசனிடம் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வந்தபோது இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். விரிப்பை எடுத்தேன், தூசியைத் தட்டினேன், கொம்பிரசரைப் போட்டேன். கூரை நன்றாக வந்தது. கதவுகள் அதைவிட நன்றாக வந்தன. சிவநேசன் வாயைப் பொத்திக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியாகப் பொனட்டை அடித்தேன்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே பெயின்ட் விலகத் தொடங்கியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்ட வட்டமாகக் குழி விழுந்து, உள்ளே பிரைமர் தெரிந்தது. இதற்கு மீன்கண் என்று பெயர். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்தான் வரும். பொனட் முழுக்க மீன்கண்.

ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். "எண்ணெக் கையோட இதத் தொட்டது யாரு?"

"நான் கிட்டவே போகல பாஸ்" என்றார் சிவநேசன்.

"நான்தான் அண்ணே" என்றார் ராணி. "வெள்ளிக்கெழமைல்ல. இவரு தண்ணி எடுக்கப் போனப்ப, குங்குமத்த நல்லெண்ணெயில கொழச்சி ஒரு பொட்டு வச்சி, சூடம் காட்டினேன். ஒங்க மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டிச்சி. ஏசுவீங்கனு பயத்துல முந்தானைய நனைச்சி அவசர அவசரமாத் தொடச்சிட்டேன்."

"ஒரு பொட்டோட விட்டிருந்தா ஒரு எடந்தான் போயிருக்கும்! தொடைக்கிறேன்னு பொனட் முழுக்க எண்ணெயப் பூசி வச்சிருக்கீங்க. டயர்ல வைக்கலாம், கண்ணாடியில வைக்கலாம். வேற எடமே கெடைக்கலையா? இந்தக் கலர இனி எங்க போய் வாங்குறது?"

சிவநேசன் தலையில் கையை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு நாள் பொறுத்தவ, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா ராணி?"

"எவ்வளவு நாள்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் ராணி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இந்தக் காரக் கழுவினது யாரு? நீங்களும் நானும். பொட்டு வைக்கிறது முதலாளியம்மா. நான் தட்டப் புடிச்சிக்கிட்டு ஓரமா நிப்பேன். ஒரு வருசமாவது, ராணி நீயும் ஒரு பொட்டு வையினு ஒரு வார்த்த சொன்னாங்களா? இது இப்ப நம்ம காரு. பெயின்ட் ஏறுறதுக்கு முன்னுக்கு நான் ஒண்ணு வைக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

கொம்பிரசர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.

"நானும் அங்கதான் நின்னேன்" என்றார் சிவநேசன் மெதுவாக. "பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்." எழுந்து வந்து, தின்னரில் துணியை நனைத்து, அடித்த பெயின்டைப் பொனட்டிலிருந்து துடைக்கத் தொடங்கினார். ராணி இன்னொரு துணியை எடுத்துக்கொண்டார். எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. தின்னர் நெடி என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

டின்னில் கொஞ்சம் பெயின்ட் மிச்சம் இருந்தது. அது டிக்கியின் உள்பக்கத்துக்கும் பொனட்டின் அடிப்பக்கத்துக்கும் என்று ஒதுக்கி வைத்தது. அதைப் பொனட்டின் மேலே அடித்துவிட்டால் உள்பக்கங்கள் பழைய நிறத்திலேயே நிற்கும். உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று வேலையைக் கொடுப்பது எங்கள் தொழிலில் கேவலம். வேறு எவனாவது அப்படிச் செய்தால் நானே வாய் ஓயாமல் கிண்டல் செய்வேன். அதைச் சிவநேசனிடம் சொன்னேன்.

"டிக்கியத் தொறக்கிறது நான், பொனட்டத் தொறக்கிறது நான். எங்களுக்குத் தெரிஞ்சா போதும் பாஸ். நீங்க அடிங்க" என்றார்.

அன்றைக்கு மழை வந்துவிட்டது. பொனட்டை மறுபடி தேய்த்து, இரண்டு தரம் தின்னர் துணி போட்டுத் துடைத்து, மறுநாள் காலையில் அடித்தேன். குச்சியால் வழித்து வழித்து எடுத்த பெயின்ட். போதுமா போதாதா என்று டின்னை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே அடித்தேன். போதுமாக இருந்தது. கோட் மெலிசு என்பதால் பொலிஷ் போடும்போது குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கை வைக்க வேண்டியிருந்தது.

4. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

இப்போது என் கராஜில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசித் துடைப்புக்கு முன்னால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "பொட்டு, சூடம், தேங்காய், என்ன இருந்தாலும் இப்பவே முடிச்சிக்கங்க" என்று நானே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான் தின்னரைத் தொடுவேன். என்ன பூசினீர்கள் என்று கஸ்டமரிடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஏன் பூசினீர்கள் என்று கேட்கும்போது மட்டும் கத்தாதீர்கள். பதில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

அந்தக் கார் இன்றைக்கும் கல்யாணங்களுக்கு ஓடுகிறது. நாவலப்பிட்டி வரைக்கும் கூப்பிடுகிறார்கள். அம்பிட்டியக் கல்யாணத்தில்தான் தொடங்கியது.

அன்றைக்குக் காலையில் கார் என் கராஜிலிருந்துதான் புறப்பட்டது. புதுப் பெயின்டில் ஒரு மாதத்துக்கு எதுவும் படக் கூடாது என்று பூக் கட்டவே நான் விடவில்லை. கண்ணாடியில் ஒரு ரிப்பனோடு சரி. சிவநேசன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ராணி தட்டோடு வந்தார். நான் ஏசியதை மறக்காமல் நேரே முன் டயருக்குப் போய்க் குந்தி, குங்குமத்தை விரலில் எடுத்தார்.

"டயர்ல வேணாம். பொனட்டுல வைங்க" என்றேன்.

"கறை புடிச்சிருமே அண்ணே."

பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். அவ்வளவு இளசான பெயின்டில் குங்குமம் இறங்கினால் எந்தப் பொலிஷுக்கும் போகாது.

"புடிக்கட்டும். வைங்க தங்கச்சி."

ராணி எழுந்தார். சிவநேசன் வந்து அவர் கையிலிருந்த தட்டை வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஓரமாகத் தள்ளி நின்றார்.