அத்தானுக்குப் பதிலாப் போனவன்

கோவில்பட்டி நூல் மில்லுல அப்பல்லாம் ஒரு வழக்கம் உண்டு. வேலையில இருக்கிறவனுக்கு உடம்புக்கு முடியலைன்னா, அவன் வீட்டு ஆள் ஒருத்தனைப் பதிலியா அனுப்பலாம். இல்லைன்னா கேட்டுக்கு வெளிய நிக்கிற கூட்டத்துல இருந்து மேஸ்திரி எவனையாவது கூப்பிட்டுக்குவார். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு டைபாய்டு வந்து மிஷின் முன்னாலயே சுருண்டு விழுந்தப்போ, அப்படித்தான் நான் உள்ள போனேன்.

"உங்க அத்தான் எந்திரிச்சு வார வரைக்கும் அந்த இடத்தைப் பாத்துக்க தம்பி"ன்னு அக்கா அழுதா.

நல்லாவே பாத்துக்கிட்டேன். எங்க ஊர் பசுவந்தனையில மழை இல்லாம ரெண்டு வருசம் சும்மா கிடந்த உடம்பு. அத்தானுக்குக் கெட்ட பேர் வந்துரக் கூடாதேன்னு, ஒரு இழை அறுந்தாலும் ஓடி ஓடி ஒட்டினேன். அதுதான் நான் செஞ்ச மடத்தனம். ரெண்டு மாசம் கழிச்சு அத்தான் எலும்பும் தோலுமா வந்து நின்னப்போ, மேஸ்திரி அவியள மேலும் கீழும் பாத்தார்.

"இந்த நோஞ்சானை வச்சு என்ன செய்ய? அந்தப் பயலே இருக்கட்டும்."

அத்தான் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதினாங்க. "வேண்டாம், அது அவிய வேலை"ன்னு நான் சொல்லியிருக்கணும். எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம். மில்லு வேலைன்னு சொல்லித்தான் பொண்ணு தர சம்மதிச்சிருந்தாங்க. நான் விட்டா வேற எவனோ வரத்தானே போறான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். த்தூ, பெரிய சமாதானம்! அக்கா அதுக்கப்புறம் என் வீட்டு வாசலை மிதிக்கலை.

அத்தான் பதிலிக் கூட்டத்துல வந்து நின்னாவ. பதினோரு வருசம் சங்கு ஊதுறதுக்கு முன்னாலயே உள்ள போன மனுசன், இப்ப எவனுக்குக் காய்ச்சல் வரும்னு கேட்டுல காத்துக் கிடந்தாவ. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே தாண்டிப் போவேன். ஒரு நாள்கூட லீவு போடலை. போட்டா என் மிஷினுக்கு அவியளக் கூப்பிட்டிருவாங்க. அப்புறம் மேஸ்திரி மனசு மாறிட்டா?

ஒரு ஐப்பசியில எனக்கே காய்ச்சல், நெருப்பாக் கொதிச்சுது. அப்பவும் போனேன். கேட்டுப் பக்கத்துல கண்ணு இருட்டிச் சாஞ்சப்போ ஒரு கை பிடிச்சுது. அத்தான். தொட்டதுமே அவியளுக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்குக் கூட்டத்துல முதல் ஆளா நின்னது அவியதான். 'இவனுக்குக் காய்ச்சல்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் இடத்துக்கு அவிய உள்ள போயிருக்கலாம்.

"ஏலே, மூஞ்சியத் தொடச்சிட்டுப் போ"ன்னாவ மெதுவா. "மேஸ்திரி கண்டுக்கிட்டார்னா நீயும் என் பக்கத்துல வந்து நிக்கணும்."

இப்ப நினைச்சாலும் நெஞ்சு எரியுது. நான் வீட்டுக்குத் திரும்பியிருந்தா அன்னைக்கு ஒரு நாளாவது அக்கா வீட்டு அடுப்பு எரிஞ்சிருக்கும். அது தெரிஞ்சும், துண்டால மூஞ்சியத் தொடச்சிட்டு உள்ள போனேன்.