மீன் விடாத தொட்டி

நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரியால் திரும்பிய பிறகு என் கணவரைக் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். துறைமுகத்துக்குள் படகு ஓட்டியே தலை நரைத்த மனிதர். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, இவர் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஒரு நாள் முச்சக்கரவண்டியில் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. உப்புத்தண்ணீர் மீன் வளர்க்கப் போகிறாராம்.

"வெளியில கிடக்கிற கடல் காணாதெண்டு வீட்டுக்குள்ளயும் ஒண்டோ?" என்று கேட்டேன்.

"நீர் கொஞ்சம் பொறும். ரெண்டு மீன் விட்டுக் காட்டுறன். பிறகு கதையும்" என்றார்.

துறைமுகத்துத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும் என்று, மீன்பிடிக்கப் போகும் சிநேகிதரைக் கொண்டு வெளிக்கடல் தண்ணீரைப் பிளாஸ்டிக் கான்களில் எடுப்பித்தார். மணல் பரப்பினார், மோட்டரைப் பூட்டினார், தண்ணீரை வடிகட்டும் பெட்டிக்குள் வெள்ளை மண் வளையங்களை நிரப்பினார். எல்லாம் சரி, மீன் எங்கே? மீனுக்குப் பதிலாக என் குசினியிலிருந்து ஓர் இறாலை எடுத்துப்போய்ப் போட்டு, அதை அழுக விட்டார். வீடு நாறியது. இந்த மனுசனுக்கு விசர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினார். இறால் அழுக அழுகத் தண்ணீரில் நஞ்சு சேரும். அந்த நஞ்சைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வளையங்களிலும் மணலிலும் மெல்ல மெல்லக் குடியேறும். அதுகள் பெருகாமல் மீனை விட்டால், மீன் தன்னுடைய கழிவாலேயே செத்துப்போகும். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் தெரிந்த பொடியனிடம், அங்கே பழைய மீன் தொட்டியில் ஊறிக் கிடந்த பஞ்சிலும் ஒரு துண்டு வாங்கி வந்து வைத்தார். பாலுக்கு உறை விடுகிற மாதிரித்தான் என்றார்.

அந்த உயிர்களை அவர் 'ஆக்கள்' என்றுதான் சொல்லுவார். காலையில் தேத்தண்ணி குடிக்க முதலே சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டு, நிறம் பார்ப்பார். பச்சை என்றால் இன்னும் நஞ்சு இருக்கிறது, மஞ்சள் என்றால் தீர்ந்துவிட்டது. "ஆக்கள் காணாது, இன்னும் வேணும்" என்று சொல்லிக்கொண்டு குழாயைக் கழுவுவார். கண்ணாடியில் கபிலமாய்ப் படிந்ததைத் துடைக்க நான் துணியோடு போனால், "ஐயோ, இஞ்சேரும், தொடாதையும்!" என்று பதறுவார். டொக்டர் கடலை விடச் சொன்னபோதுகூட அந்த மனிதர் அப்படிப் பதறியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குழாய் மஞ்சளாகவே நின்றது. அதற்கு முதல் நாளும் மஞ்சள்தான். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு குசினிக்கே வந்துவிட்டார்.

"ஆக்கள் நிறைஞ்சிட்டினம். ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் போய் மீன் எடுப்பம். நீரும் வாரும்."

"உங்கட இறால் நாத்தம் முடிஞ்சுதே, அது போதும்" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் நல்ல சந்தோசம். எந்தச் சாறி உடுத்துவது என்றுகூட யோசித்தேன். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் விடிய அவர் எழும்பவில்லை.

செத்த வீட்டுச் சனத்துக்குள்ளும் எனக்கு ஒரு கண் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. மோட்டரை ஒருவரும் நிற்பாட்ட வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவைத்தேன். எல்லாம் முடிய நானே நிலாவெளிக்குப் போய், அவர் கேட்ட இரண்டு மீனையும் கொண்டுவந்து, அவர் பழுதில்லாமல் ஆக்கி வைத்த அந்தத் தண்ணீரில் விட வேண்டும். அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு நினைவுதான்.

பிரேதம் படலையைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். செத்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. குடம், வாளி, பிறிஜ்ஜுக்குள் இருந்த போத்தல், எல்லாம் வெளியே போனது. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் வார்த்தார்கள். வாளிச் சத்தத்துக்குள் மோட்டர் நின்றது எனக்குக் கேட்கவில்லை. ஈரத்தோடு திரும்பி வரும்போதுதான், முற்றத்து வெயிலில் சாக்கு ஒன்றில் அந்த வெள்ளை வளையங்கள் காய்வதைக் கண்டேன். பக்கத்தில் மணல் குவிந்திருந்தது, அதிலிருந்து ஆவி பறந்தது.

உள்ளே அவருடைய தங்கை தொட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உடைந்து அழுதாள்.

"அண்ணா ஆசையா வைச்சதெண்டு வேற ஒருத்தரையும் தொட விடேல்ல மச்சாள். நானே சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சனான். ஊத்தையெல்லாம் போயிட்டுது. பாருங்கோ, கடையில இருந்து வந்த மாதிரி இருக்கு."

எனக்கு ஆத்திரம் கிளம்பியது. வாயையும் திறந்துவிட்டேன். அவளுடைய கையைப் பார்த்தேன். தேய்த்துத் தேய்த்து விரல்நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அண்ணனுக்குக் கடைசியாகச் செய்ய அவளுக்குக் கிடைத்த வேலை அது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"மீன் ஒண்டும் விட்டிருக்கேல்லத்தானே மச்சாள்? உயிர் ஏதும் கிடந்து, தெரியாமல் ஊத்திப்போட்டனோ எண்டு நெஞ்சு பதறிப்போச்சு."

"இல்லை மச்சாள்" என்றேன். "ஒண்டும் இருக்கேல்ல. வெறுந்தண்ணிதான்."