நீலச் சுவர் பற்றிய அறிக்கை

அல்லால் பூஷ்தா எங்கள் பேட்டையின் முக்கத்தம். யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை நாள் தங்கினார் என்று மேலிடத்துக்கு எழுதுகிற உத்தியோகம். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. தாஞ்சியர் நகரத்துக்குத் தெற்கே அப்படிப்பட்ட மனிதர் தாம் ஒருவரே என்பது அவருடைய சொந்தக் கணிப்பு.

கோடை வந்தால் எங்கள் ஊர்ச் சுவர்களின் பழைய ஓவியங்களைச் சுண்ணாம்பால் மூடிவிட்டுப் புதிதாக வரைவார்கள். இம்முறை ருக்கையா என்ற பெண், அல்லால் வீட்டு எதிர்ச்சுவரில் பெரிய நீலத் திட்டும் அதன்மேல் கோணலாக ஒரு காவிக் கோடும் தீட்டினாள். மறுநாளே அவருடைய மேலதிகாரி காயித்திடமிருந்து படிவம் வந்தது. நான்காம் கட்டம்: ஓவியம் எதைக் குறிக்கிறது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். காலியாக விட்டால் இருபத்திரண்டு வருடம் போச்சு.

"இது என்னம்மா?" என்று ருக்கையாவையே கேட்டார்.

"தெரியலையே, ஸீ அல்லால். உங்களுக்கு என்னவா தெரியுது?"

மரியாதைக்கு ஒரு 'ஸீ' போட்டுவிட்டு, கேட்டவரையே திருப்பிக் கேட்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம். குறித்துக்கொண்டார்.

பால்கடை ஹம்மு சொன்னான்: "கதவு. சாத்தியிருக்கு." அவன் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போய் மூன்று மாதம். அது ஏற்கெனவே அல்லாலின் பதிவேட்டில் இருந்தது.

அல்லாலுக்கும் காலையில் அது கதவுதான். மதியம் தூங்கி எழுந்து பார்த்தால் கவிழ்ந்த படகு. யாரோ மாற்றுகிறார்கள். அடுப்புக்கரியால் ஓரமெல்லாம் அடையாளம் போட்டுவிட்டு, இரண்டு நாள் ஜன்னலில் காவல் இருந்தார். யாரும் நெருங்கவில்லை, கோடு நகரவில்லை. படகு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஃபாமா தேநீரை வைத்தாள். "சுவத்தையே பாத்துக்கிட்டு இருங்க. ஹம்மு பொண்டாட்டி முந்தாநாளே வந்துட்டா, அதாச்சும் தெரியுமா?"

தெரியாது. நேரே பால்கடைக்குப் போனார்.

"கதவா?"

"கதவுதான், ஸீ அல்லால். திறந்திருக்கு."

"சாத்தியிருக்குன்னு சொன்னியே."

"அப்ப சாத்தியிருந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலை நான்காம் கட்டம் ஓரம் தாண்டி நிரம்பியது: "காலையில் கதவு. மதியம் படகு. ஹம்முவுக்கு முதலில் சாத்தியது, பிறகு திறந்தது. சுவரை யாரும் தொடவில்லை. நானே சாட்சி."

படித்துவிட்டுக் காயித்தே நேரில் வந்தார். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"படகு இல்ல, அல்லால்," என்றார் மெதுவாக. என்னவென்று சொல்லவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அல்லால் பதிவேட்டை எடுத்து, காயித்தின் பெயரில் ஒரு புதுப் பக்கம் தொடங்கினார்.