மடிப்பில் ஓடிய எல்லை

அவருக்குத் தெரியாத நதி உலகத்தில் கிடையாது, நீச்சல்தான் தெரியாது. எந்த ஆறு எந்த நாட்டுக்கு எதுவரை சொந்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பக்க எண்ணோடு சொல்வார். முப்பது வருடம் சர்வதேசச் சட்டம் நடத்திய கல்லூரியில் அவருக்கு ‘அடிக்குறிப்பு அம்மா’ என்று பெயர். ஆதாரம் காட்டாமல் ஒருவன் தும்மினால்கூட விடமாட்டாராம்.

அவரை ஊருலகம் அறியச் செய்தது ஆற்று எல்லைகளைப் பற்றி எழுதிய ஒரு தலையணைப் புத்தகம். இரண்டு நாடுகள் எழுபது வருடமாக மல்லுக்கட்டிய ஒரு மணல்திட்டு கிழக்குக்கரை நாட்டுக்கே சேரும் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார். ஆதாரம், ஒரு பழைய வரைபடத்தில் திட்டுக்கு மேற்கே ஓடும் எல்லைக்கோடு. அந்தப் புத்தகத்தின் தயவில்தான் பேராசிரியை, சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியானார்.

மூன்றே மாதத்தில் அதே மணல்திட்டு வழக்காக வந்து நின்றது. யாராவது ஆட்சேபித்தால் விலகிக்கொள்ள அவர் தயாராக இருந்தார். மேற்குக்கரை வக்கீல்களோ வாயே திறக்கவில்லை. அவரை ஆட்சேபித்தால், தங்கள் மனுவில் வேறு விஷயங்களுக்கு அவரை மேற்கோள் காட்டிய பதினாறு இடங்களையும் அழிக்க வேண்டுமே!

விசாரணை முடிந்ததும், எதையும் தொட்டுப் பார்க்காமல் தூங்க முடியாதவர், வழக்கம்போல மூல வரைபடத்தைக் கேட்டார். ஆவணக் காப்பாளர் அதை மேசையில் விரித்தார். நீதிபதியம்மா பூதக்கண்ணாடியோடு கோட்டைத் தேடினார். மை எங்குமே இல்லை.

“கோட்டைக் காணோமே?” என்றார்.

“அது கோடு இல்லம்மா. மடிச்ச மடிப்பு. ஜெராக்ஸ்ல கறுப்பா விழும்.”

விரலை வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் இறங்கியது. மாணவியாக இருந்தபோது நகலை மட்டும் பார்த்து எழுதிய ஆய்வேடுதான் பிறகு புத்தகமானது. அதன்பிறகு உலகமே அவர் புத்தகத்தைப் பார்த்ததே தவிர, வரைபடத்தைப் பார்க்கவில்லை. சொன்னால் முப்பது வருடப் பெயர் கப்பலேறும். சொல்லாவிட்டால் ஒரு மடிப்புக்காக ஒரு நாடு தன் மணலை இழக்கும்.

வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்பது விதி. அதனால் சாப்பாட்டு மேசையில், பல் டாக்டரான கணவரைச் சுற்றி வளைத்துக் கேட்டார்.

“ஏங்க, நீங்க எப்பவாவது நல்ல பல்லைப் பிடுங்கியிருக்கீங்களா?”

“ஒரே ஒரு தடவை.”

“என்ன செஞ்சீங்க?”

“அவர்கிட்டயே சொன்னேன். வாயில பஞ்சு இருந்துச்சு, திட்ட முடியல. நீ யாரோட பல்லைப் பிடுங்கின?”

“பேசாம சாப்பிடுங்க” என்றார் நீதிபதியம்மா. அவர் மட்டும் சாப்பிடவில்லை.

பதினைந்து நீதிபதிகளும் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். அங்கே ஒரு பழக்கம் உண்டு: பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் வாயைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று, கடைசியாக வந்தவர்தான் முதலில் பேச வேண்டும். கடைசியாக வந்தவர் நம் அடிக்குறிப்பு அம்மா. மற்றவர் முகம் பார்த்துப் பேசவோ, யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கவோ வழியில்லை.

எழுந்தார்.

“என் புத்தகத்துல இருக்கிற எல்லைக்கோடு, காகிதத்தோட மடிப்பு. மூலத்தைப் பார்க்காம எழுதிட்டேன். கோடு இல்லைன்னா, ஆறு ஆழமா ஓடுற இடம்தான் எல்லை. அது திட்டுக்குக் கிழக்கே இருக்கு. திட்டு மேற்குக்கரைக்குப் போகுது.”

பேனா மூடிகள் திறக்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ஏழு பேர் தங்கள் குறிப்பில் அவர் புத்தகத்தை எடுத்துக்காட்டியிருந்தார்கள். ஏழு பேரும் குனிந்து அந்த வரியை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வரைபடத்தை உள்ளே கொண்டு வரச் சொல்லுங்க. இந்தத் தடவை எல்லாருமே தொட்டுப் பார்ப்போம்.”